உமையாள் பிடித்த உருண்டை

“தண்ணியில போட்டா செத்துப் போயிடும், சார்,” என்றாள் கோகிலா. “நமக்கு இருக்கிறது ஒரே ஒரு சாட்சி. அதையும் முக்கிக் கொன்னுட்டீங்கன்னா அப்புறம் யாரை விசாரிக்கிறது?”

துப்பறிவாளர் கருணாகரன் அதைக் காதில் வாங்கவில்லை. பேனாக்கத்தியால் உருண்டையின் ஓரத்தில் ஒரு சில்லைப் பெயர்த்து, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டார்.

சுர்ரென்று சீறியது சில்லு. நுரையைக் கக்கிக்கொண்டு குவளைக்குள் சுற்றிச் சுற்றி ஓடியது. தண்ணீர் முதலில் நீலமானது, பிறகு மெல்ல மெல்லக் கத்தரிப்பூ நிறத்துக்கு மாறியது. வெட்டிவேரும் காய்ந்த எலுமிச்சைத் தோலும் கலந்த வாசனை அந்தச் சின்ன அறையை நிறைத்தது.

“கீழே காப்பிக்கடையில யார்கிட்டயும் இதைக் குண்டு கிண்டுன்னு சொல்லிடாதீங்க, சார். கம்யூனிஸ்ட்காரங்களைத் தேடுற எமர்ஜென்சி இன்னும் முடியல. குளிக்கிற உருண்டைக்காக நம்மளைக் கூண்டுல வச்சிடுவாங்க.”

கருணாகரன் சிரிக்கவில்லை. காலையில் அந்த உருண்டையைக் கொண்டுவந்து கொடுத்த அம்மாளின் முகம் அவருக்கு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

தீபாவளி முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அதற்கு முன்னே வந்த மெர்டேக்கா சுதந்திர தினத்தின் காகிதக் கொடிகள் மலாக்காவின் காஜா பேராங் சாலையோரக் கடைகளில் மழையில் நனைந்து, சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன. காப்பிக்கடைக்கு மேல்மாடியில் ஓர் அறை, ஒரு மேசை, மூன்று நாற்காலி. இதுதான் கருணாகரனின் அலுவலகம். போலீஸ் வேலையை விட்டுவிட்டு இங்கே வந்து உட்கார்ந்தவர். கோகிலா புக்கிட் காதில் என்ற ஊர்ப் பக்கத்துப் பெண். தட்டெழுத்து வேலைக்கு என்று வந்தாள். தட்டெழுத்து யந்திரம் வாங்குவதற்கு முன்பே உதவியாளராகிவிட்டாள்.

மூன்றாவது நாற்காலியில்தான் காலையில் மெய்யம்மை ஆச்சி உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சேலை. வெறும் கழுத்து. செட்டியார் ஆடி மாதம் காலமானார். நாற்பது வருஷமாக மலாக்காவில் ஊன்றிய குடும்பம்.

“எனக்கு ஒரே பொண்ணு. உமையாள்னு பேரு,” என்றார் ஆச்சி. “கல்யாணம் பேசிக்கிட்டிருக்கையில வீட்டைவிட்டுப் போயிட்டா. யாரோட போனான்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் அவுக விடல. அன்னைக்கே கிணத்தடியில நின்னு எம்மகளைத் தலைமுழுகிட்டாக. அவ பேரை அதுக்கப்புறம் வீட்டுல யாரும் சொல்லக் கூடாது.”

“அப்புறம் தகவலே இல்லையா?”

“அடுத்த தீபாவளிக்கு விடியக்காலையில பின்வாசல் கதவுல ஒரு ஓலைப்பெட்டி தொங்குச்சு. உள்ளே இந்த மாதிரிக் குளிக்கிற உருண்டை. கடுதாசி கிடையாது. ஆனா எம்மக வச்சதுன்னு மோந்து பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. எனக்குத் தோல் வெடிக்கும். சின்னப் பிள்ளையிலயே எனக்குன்னு வெட்டிவேரும் அரிசிமாவும் இடிச்சுக் கொடுப்பா. சோப்பு போடாதீங்க ஆத்தான்னு சண்டை பிடிப்பா. அப்புறம் ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்துக்கிட்டே இருக்கு.”

அப்போது கோகிலா குறுக்கிட்டாள். “அப்பா மகளைத் தலைமுழுகிட்டாரு. மக ஆத்தா தலைமுழுக உருண்டை அனுப்புறாங்க. ஆச்சி, நீங்க ஒரு தீபாவளிக்குக் கதவுக்குப் பின்னால நின்னிருந்தா ஆளைப் பிடிச்சிருக்கலாமே?”

ஆச்சி அவள் பக்கம் திரும்பினார். “நிக்கத் தெரியாமயா? நான் நிக்கிறது தெரிஞ்சு, மறுவருஷம் வராமப் போச்சுன்னா?”



போகும்போது ஆச்சி வாசற்படியில் நின்று சொன்னார். “இதைப் பிடிச்ச கை எங்கே இருக்குன்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது போதும் எனக்கு.”

* * *

“முதல்ல நிறம்,” என்றார் கருணாகரன், குவளையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தபடி. “இதுவரைக்கும் வந்ததெல்லாம் மஞ்சள் உருண்டைன்னு ஆச்சி சொன்னாங்க. இந்த வருஷம்தான் நீலம். ஏன்?”

“மஞ்சள் விலை ஏறிடுச்சு.”

“கோகிலா.”

“சரி, சார். இது சங்குப்பூ. காயவச்சு இடிச்சிருக்காங்க. நம்ம ஊர்ச் சீனக்காரங்க, அந்த நோன்யாக்காரங்க, சோத்துக்கே இந்தச் சாயம் போடுவாங்க. புளிப்புப் பட்டா கத்தரிப்பூக் கலராகும். அதான் தண்ணியில மாறுச்சு.”

“மஞ்சளை ஏன் விட்டாங்க?”

கோகிலா குவளையைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். “ஆச்சி இப்ப மஞ்சள் பூசமாட்டாங்க.”

“ஆமா. செட்டியார் செத்தது ஆடியில. இதைச் செஞ்ச ஆளுக்கு அது தெரிஞ்சிருக்கு. மஞ்சள் போட்டு அனுப்பினா அந்த அம்மா மனசு நோகும்னு யோசிச்சிருக்கு. சிங்கப்பூர்லயோ பினாங்குலயோ இருக்கிற ஆளுக்கு இந்த வீட்டுச் சாவு எப்படித் தெரியும்? இது பக்கத்துலயே இருந்து அந்த வீட்டைப் பாத்துக்கிட்டிருக்கிற ஆள்.”

“மலாக்காவுக்குள்ளேயேவா?” கோகிலாவின் குரல் இறங்கியது. “ஒரே ஊருக்குள்ள இருந்துக்கிட்டா இத்தனை வருஷம் பாக்கல?”

கருணாகரன் உருண்டையைத் திருப்பிப் பார்த்தார். ஒரு பக்கம் உள்ளங்கைக் குழிவில் அழுந்தி வழுவழுப்பாக இருந்தது. மறுபக்கம் விரல்கள் இறுக்கிய பள்ளங்கள். கோகிலாவிடம் நீட்டி, விரல் வைத்துப் பார்க்கச் சொன்னார். பள்ளங்களுக்குள் அவள் விரல்கள் தொளதொளவென்று கிடந்தன. பிறகு தம் கையை வைத்தார். ஆள்காட்டி விரல் பொருந்தியது. நடுவிரல் பொருந்தியது. சுண்டுவிரலும் பொருந்தியது. மோதிர விரல் மட்டும் பள்ளத்தில் அடங்கவில்லை. அந்தப் பள்ளம் பாதியிலேயே நின்றிருந்தது.

“ஆம்பளைக் கை,” என்றார். “மோதிர விரல் குட்டை.”

“புருஷன்காரரு ஒத்தாசைக்குப் பிடிச்சுக் கொடுத்திருப்பாரு,” என்றாள் கோகிலா உடனே. “உலகத்துல அப்படியும் ரெண்டொரு நல்ல புருஷன் இருக்கான், சார். நான் பாத்ததில்ல, கேள்விப்பட்டிருக்கேன்.”

“இருக்கட்டும்,” என்றார் கருணாகரன். அவர் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

* * *

இரண்டு நாள் கழித்துக் கோகிலா அலுவலகத்துக்கு வந்தபோது அவள் கையிலிருந்த தட்டில் வெள்ளையாக ஏதோ பொங்கி வழிந்து, இட்லி போலப் பரவிக் கிடந்தது.

“இதுவும் சாட்சியா?” என்றார் கருணாகரன்.

“இது விபத்து, சார். நானே செஞ்சு பாத்தேன். ஆப்பச் சோடா ரெண்டு பங்கு, எலுமிச்சை உப்பு ஒரு பங்கு, பச்சரிசி மாவு ஒரு பங்கு. சேர்ந்து வரணுமேன்னு கொஞ்சம் தண்ணி தெளிச்சேன். கையிலேயே சீற ஆரம்பிச்சிடுச்சு. எங்கம்மா பாம்புன்னு நினைச்சுத் தொடப்பத்தைத் தூக்கிக்கிட்டு வந்துட்டாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம்தான் புத்தி வந்துச்சு. தண்ணி ஆகாது. தேங்காயெண்ணெய்தான். அதுவும் சொட்டுச் சொட்டா விட்டு, ஈர மணல் மாதிரி உதிரும்போதே இறுக்கிப் பிடிக்கணும். பூவும் தோலும் நல்லாக் காஞ்சிருக்கணும், ஈரம் இருந்தா அதுவே சோடாவைக் கிளப்பிவிட்டுடும். எலுமிச்சையிலயும் நம்ம நாட்டு எலுமிச்சைத் தோல் கசக்குது, வாசனை நிக்கல. அவங்க போட்டிருக்கிறது லிமாவ் பூருட், அந்தச் சொரசொரப்புத் தோலு. இவ்வளவும் பாத்துச் செஞ்சும் என் உருண்டை சாயங்காலத்துக்குள்ள வெடிச்சுப்போச்சு. மழைக்காலத்துல இது நிக்காது, சார். ஆனா ஆச்சிக்கு வந்தது தீபாவளி மழையிலயும் கல்லு மாதிரி நிக்குது.”

“எப்படி?”

“நான் வாங்கின சோடா கட்டி கட்டியா இருக்கு. எலுமிச்சை உப்பு ஒரு சின்னப் பொட்டலத்துக்கு மேல பாசார்ச் சந்தையில கிடைக்கல. சீன மருந்துக்கடை முதலாளி, அந்தத் தவுக்கேகிட்டப் போய் இந்தச் சில்லைக் காமிச்சேன். நாக்குல வச்சுப் பாத்தாரு. ‘இவ்வளவு சுத்தமான சரக்கு வீட்டுக்குன்னு யாரும் வாங்கமாட்டாங்க. காற்றுத் தண்ணி செய்றவங்கதான் மூட்டையா இறக்குவாங்க’ன்னாரு.”

“காற்றுத் தண்ணி?”

“சோடா, சார். சோடா கம்பெனி.”

கருணாகரன் எழுந்து சட்டையை மாட்டினார். “சோடா கம்பெனியில வேலை செய்றவனுக்கு விரல் எப்படிக் குறையும், கோகிலா?”

அவள் முகம் மாறியது. “கோலி சோடா பாட்டில் வெடிச்சா.”

* * *

அந்த வட்டாரத்தில் இருந்த ஒரே சோடா கம்பெனி காஜா பேராங்கின் பின்தெருவில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே பாட்டில்கள் ஓயாமல் கலகலத்துக்கொண்டிருந்தன. மதியச் சங்கு ஊதியதும் ஆட்கள் வெளியே வந்து, மழைக்கு ஒதுங்கிக் கூரையோரம் குந்தினார்கள்.

“முகத்தைப் பாத்து ஆளைப் பிடிக்கிற போலீஸைப் பாத்திருக்கேன்,” என்று முணுமுணுத்தாள் கோகிலா. “கையைப் பாத்துப் பிடிக்கிறது ஜோசியக்காரன்தான். கையை நீட்டுங்கன்னு எப்படிக் கேக்கப்போறீங்க?”

கருணாகரன் சிகரெட் பெட்டியைத் திறந்து, மழையைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டே ஒவ்வொருவராக நீட்டிக்கொண்டு போனார். கைகள் நீண்டன. சோடா நீரில் வெளுத்துச் சுருங்கிய கைகள், எல்லா விரல்களும் முழுதாக.

கடைசியில் சற்றுத் தள்ளி ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். முப்பது, முப்பத்திரண்டு வயது. நெற்றியில் திருநீறு. சிகரெட் வேண்டாமென்று கையை உயர்த்தி மறுத்தான்.

உயர்ந்த கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது.

கருணாகரன் சட்டைப்பையிலிருந்து நீல உருண்டையை எடுத்து, அவன் பக்கத்தில் கிடந்த மரப்பெட்டியின் மேல் வைத்தார்.

அவன் ஓடவில்லை. உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். “அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆயிடுச்சா?” என்று மலாய் மொழியில் கேட்டான். “தோலுக்கு ஒத்துக்கலையா? நான் பூவை நல்லாத்தான் காயவச்சேன்.”

அவன் பெயர் விநாயகம் பிள்ளை. காஜா பேராங்கின் சிட்டி வம்சத்தவன். நானூறு, ஐந்நூறு வருஷமாக மலாக்காவில் இருந்து, கோயிலையும் சாமியையும் விடாமல் தமிழை மட்டும் விட்டுவிட்ட வம்சம். திருநீறு, விளக்கு, பொங்கல் எல்லாம் உண்டு. பேச்சு மட்டும் மலாய்.

“அம்மாவுக்கு ஒண்ணுமில்ல,” என்றார் கருணாகரன், அவன் மொழியிலேயே. “உமையாள் எங்கே?”

விநாயகம் எழுந்து நின்றான். “வீட்டுக்கு வாங்க,” என்றான்.

* * *

வீடு பக்கத்திலேயே இருந்தது. மரவீடு. வேலி முழுவதும் சங்குப்பூக் கொடி. செருப்பைக் கழற்றி உள்ளே போனவுடனே கோகிலா நின்றுவிட்டாள்.

சுவரில் ஒரு படம். வட்ட முகம், சிரிப்பை அடக்கிக்கொண்ட உதடு. ஆச்சியின் மூக்கு அப்படியே. படத்துக்குப் பூமாலை போட்டு, கீழே விளக்கு ஏற்றியிருந்தது.

மழைச்சத்தத்துக்கு நடுவே விநாயகம் மலாயிலேயே சொன்னான்.

“கோயில் திருவிழாவுக்குச் சோடாப் பெட்டி இறக்கப் போனப்போ பாத்தேன். அவளுக்கு மலாய் நல்லா வரும். எனக்குத்தான் தமிழ் வரல. கொஞ்ச காலம் சிங்கப்பூர்ல இருந்தோம். திரும்பி வரணும்னு அவதான் சொன்னா. ‘எங்க ஆத்தா மூச்சு விடுற ஊர்ல இருக்கணும்’னா. வந்தும் வீட்டைவிட்டு வெளியே அதிகம் போகமாட்டா. அப்பா பாத்துட்டா ஆத்தாவைத்தான் திட்டுவாருன்னு பயம்.”

“கடுதாசி எழுதியிருக்கலாமே?” என்றாள் கோகிலா.

“நானும் கேட்டேன். ‘எழுதினா அப்பா கிழிப்பாரு. தண்ணியில கரைஞ்சுபோறதை யாரு கிழிக்க முடியும்’னா. கம்பெனியில சிந்துற சோடாப் பொடியையும் புளிப்பு உப்பையும் முதலாளிகிட்டச் சொல்லிட்டு எடுத்துட்டு வருவேன். அவ ஆத்தாவுக்குச் செய்ற பொடியோட அதைச் சேர்த்துப் பாத்தா. முதல் தடவை சீறினப்போ ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு...” அவன் நிறுத்திக்கொண்டான்.

“எப்போ போனாங்க?” என்று கேட்டார் கருணாகரன்.

“போன வருஷத்துக்கு முந்தின மழைக்காலம். தீபாவளி முடிஞ்சு. வயித்துல பிள்ளை இருந்துச்சு. காய்ச்சல் வந்துச்சு. ரெண்டு பேரையும் கொண்டுபோயிடுச்சு.”

கூரை ஒழுகி, ஒரு பாத்திரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அப்போ போன தீபாவளிக்கும் இந்தத் தீபாவளிக்கும் வந்தது?” என்றார் கருணாகரன்.

“போறதுக்கு முன்னாடியே அடுத்த வருஷத்துக்குன்னு ஒரு பெரிய ஜாடி நிறைய லிமாவ் தோலைக் காயவச்சு இடிச்சு வச்சிருந்தா. மஞ்சளும் இடிச்சிருந்தா. தீபாவளி கிட்ட வந்தப்போ அந்த ஜாடியை என்ன செய்றதுன்னு எனக்குத் தெரியல. கொட்ட மனசு வரல. அவ செய்றதைப் பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். அதனால செஞ்சேன். எண்ணெய் அதிகமாயிடுச்சு, ரெண்டு தடவை உடைஞ்சுது. மூணாவது தடவை நின்னுச்சு.”

“இந்த வருஷம்?”

“இந்த வருஷம் ஜாடி காலி. நானே பழம் வாங்கி உரிச்சேன். அந்த வீட்டு ஐயா போயிட்டாருன்னு கோயில்ல சொன்னாங்க. மஞ்சளைப் பாத்தா அந்த அம்மா அழுவாங்கன்னு விட்டுட்டேன். வேலியில அவ வச்ச கொடிதான் பூத்துக் கொட்டுது. அதைப் போட்டேன்.”

“சொல்லியிருக்கலாமே அவங்ககிட்ட,” என்றாள் கோகிலா. அவள் கண்ணில் நீர் நிறைந்திருந்தது. “மக இல்லைன்னு ஒரு வார்த்தை.”

“சொல்லத்தான் போனேன். பின்வாசல் வரைக்கும் போனேன். எந்த மொழியில சொல்றது? எனக்குத் தெரிஞ்ச தமிழ் கோயில்ல சொல்ற மந்திரம் மட்டும்தான். கதவுல பெட்டியை மாட்டிட்டு வந்துட்டேன்.”

* * *

இருவரும் பெச்சா என்கிற சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறி ஆச்சியின் வீட்டுக்குப் புறப்பட்டார்கள். கருணாகரன் மனதுக்குள் வாக்கியங்களை அடுக்கிப் பார்த்தார். ஒன்றும் சரியாக வரவில்லை. பிணத்தைக் கண்டுபிடித்துக் கொடுக்கும்போதெல்லாம் போலீஸில் தொப்பி இருந்தது, அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கலாம். இப்போது கைகளை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை.

ஆச்சி பின்கட்டில் உட்கார்ந்திருந்தார். இவர்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

“கண்டுபிடிச்சிட்டீங்களா?”

“கண்டுபிடிச்சோம், ஆச்சி. ஆனா...” கருணாகரன் தடுமாறினார். “நீங்க மனசைத் திடப்படுத்திக்கணும். உங்க மகள்...”

“அதை விடுங்க,” என்றார் ஆச்சி. “அவ இல்லைன்னு எனக்குத் தெரியும்.”

கோகிலா திகைத்துப்போய்க் கருணாகரனைப் பார்த்தாள்.

“போன வருஷமே தெரியும்,” என்றார் ஆச்சி. “பெட்டியைத் திறந்து உருண்டையைக் கையில எடுத்தேன். எம்மக பிடிச்சது என் கையில சரியா உக்காரும். நான்தானே அவளுக்குப் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தேன்? இது உக்காரல. பெரிய கை. ஒரு விரல் அரைகுறை. மேலுக்கு முடியாமப் படுத்திருப்பா, வேற யாரோ பிடிச்சுக் கொடுத்திருக்காகன்னு என்னை நானே ஏமாத்திக்கிட்டேன். ஒரு வருஷம் முழுக்க ஏமாத்திக்கிட்டேன்.”

“இந்த வருஷம்?” என்றார் கருணாகரன் மெல்ல.

“இந்த வருஷம் மஞ்சள் இல்ல.”

“நீங்க மஞ்சள் பூசமாட்டீங்கன்னு...”

“அதேதான்! எம்மக அப்படி யோசிக்கவே மாட்டா.” ஆச்சியின் குரல் முதல்முறையாக உடைந்தது. “எந்தங்கச்சி தாலியறுத்து வந்தப்போ, மஞ்சளைத் தொடாதேன்னு நான் சொன்னேன். பத்து வயசுகூட இருக்காது இவளுக்கு, எங்கிட்டச் சண்டைக்கு வந்தா. ‘சித்தப்பா செத்ததுக்கு மஞ்சள் என்ன ஆத்தா பண்ணுச்சு’ன்னு கேட்டா. தானே அரைச்சுக் கொண்டுபோய்ச் சித்தி காலுல பூசிவிட்டா. அவ உசுரோட இருந்திருந்தா, இந்த வருஷம்தான் முன்னையைவிட ஒரு கை அதிகமா மஞ்சள் போட்டிருப்பா. என்னைப் பூசச் சொல்லி அடம் பிடிச்சிருப்பா. நீலத்தைப் பாத்ததும் நான் இங்கேயே உக்காந்துட்டேன். எம்மக போயிட்டா. ஆனா என் மனசு நோகக் கூடாதுன்னு ஒரு புண்ணிய ஆத்மா யோசிச்சிருக்கு. அது யாருன்னுதான் எனக்குத் தெரியல.”

மஞ்சள் இல்லாததைக் கருணாகரனும் பார்த்திருந்தார்; அதில் மகளே இல்லாததை இந்த அம்மாள்தான் பார்த்தார்.

“மகளைக் கண்டுபிடிங்கன்னு நீங்க சொல்லவே இல்ல,” என்றாள் கோகிலா, தனக்குத்தானே சொல்வதுபோல. “இதைப் பிடிச்ச கைன்னுதான் சொன்னீங்க.”

“மக செத்துப்போயிட்டா, விசாரிங்கன்னு சொல்லியிருந்தா நீங்க ஆஸ்பத்திரிக்கும் சுடுகாட்டுக்கும் போயிட்டு வந்து, எனக்கு ஒரு தேதியைச் சொல்லியிருப்பீங்க. தேதி எனக்கு எதுக்கு?” ஆச்சி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தார். “எங்கே இருக்காக?”

“காஜா பேராங்குல, ஆச்சி. ரொம்பக் கிட்டத்துல.”

“நடந்து போற தூரமா?”

கருணாகரன் ஆமென்று தலையை அசைத்தார். ஆச்சி உள்ளே போய், ஒரு துணிப்பையோடு வந்தார்.

“வாங்க, போவோம்,” என்றார்.

* * *

விநாயகம் வேலி ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான். ஆச்சி பெச்சாவிலிருந்து இறங்குவதைப் பார்த்ததும் வேலிக் கதவைத் திறந்தான். கும்பிடுவதா, காலில் விழுவதா என்று தெரியாமல் ஒதுங்கி நின்று வழிவிட்டான்.

ஆச்சி நேரே உள்ளே போய்ப் படத்தின் முன்னால் உட்கார்ந்தார். அழவில்லை. “மெலிஞ்சுபோயிருக்கா,” என்று மட்டும் சொன்னார்.

பிறகு கோகிலாவைக் கூப்பிட்டார். “ரொம்பக் கஷ்டப்பட்டாளான்னு கேளு.”

கோகிலா கேட்டுச் சொன்னாள். “காய்ச்சல் வேகத்துல கடைசியில நினைவு இல்லையாம், ஆச்சி. வலி தெரியலையாம்.”

“என்னைப் பாக்க வந்தாளா? ஒரு தடவையாவது?”

கோகிலா அதையும் மலாயில் கேட்டாள்; விநாயகம் மெதுவாகப் பேசினான். கோகிலா மொழிபெயர்க்க ஆரம்பித்தாள். “கடைசித் தீபாவளிக்கு, வயித்துல பிள்ளையோட அவங்களும் பெட்டி மாட்டக் கூட வந்தாங்களாம். உள்ளே நீங்க பாத்திரம் உருட்டுற சத்தம் கேட்டுச்சாம். ‘ஆத்தா முழிச்சிட்டாங்க’ன்னு கதவுமேல கையை வச்சுக்கிட்டு நின்னாங்களாம். இவரு தட்டவான்னு கேட்டாராம். வேண்டாம், அடுத்த வருஷம் பிள்ளையோட வந்து தட்டுவோம்னு சொன்னாங்களாம்.”

“கொலுசுச் சத்தம் கேட்டுச்சு,” என்றார் ஆச்சி. “அடுப்படியிலதான் நின்னேன். அவுக எந்திரிச்சிடுவாகளோன்னு அசையாம நின்னேன்.”

கோகிலா அதை மலாயில் சொல்லவில்லை. அவன் கேட்கவும் இல்லை. அந்த முகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்துவிட்டது போலிருந்தது. அவன் தரையில், ஆச்சிக்கு எதிரே, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான்.

ஆச்சி அவன் வலதுகையை இழுத்துத் தன் மடியில் வைத்தார். குறைந்த விரலை நீவிவிட்டார். அப்புறம் துணிப்பையிலிருந்து ஒரு சின்னக் கிண்ணத்தை எடுத்து வைத்தார். நல்லெண்ணெய்.

“தலை தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு மாமியார்தான் எண்ணெய் வைக்கணும்,” என்றார். “நான் வைக்கக் கூடாதுன்னு சொல்லுவாக. எம்மக இருந்தா அதுக்கும் சண்டைக்கு வருவா.”

விநாயகம் கோகிலாவைப் பார்த்தான். “மாப்பிள்ளைன்னா என்ன?”

“மெனாந்து,” என்றாள் கோகிலா. “மகளோட புருஷன்.”

அவன் தலையைக் குனிந்தான். ஆச்சி எண்ணெயைத் தொட்டு அவன் உச்சியில் வைத்துத் தேய்க்கத் தொடங்கினார். அவன் தோள்கள் குலுங்கின. இதுவரை அழாத அந்த அம்மாளும் அப்போதுதான் வாய்விட்டு அழுதார், கையை மட்டும் எடுக்கவில்லை.

கருணாகரன் கோகிலாவின் தோளைத் தொட்டார். இருவரும் சத்தமில்லாமல் படியிறங்கி, மழைக்குள் நடந்தார்கள்.